சாக்கு எடை

இருபது கிலோ முந்நூற்றைம்பது கிராம்
என்று தீர்ப்பின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது.
வக்கீல் பரக்கத் நிஷா அதன் கீழே
பென்சிலால் இரண்டு கோடு இழுத்திருந்தார்.
"சாக்கோடயா, சாக்கு இல்லாமயா?
மகஜர்ல ஒரு வார்த்தை கிடையாது."

பதினோரு வருஷமாகத் துறைமுகத்தில்
ஏலத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவள் நான்.
கூடைக்கு ஒன்றரை, ஐஸ் தண்ணிக்கு அரை,
கழித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.
கேரளா லாரிக்காரன்கூட
மறுபடி நிறு என்று என்னிடம் சொன்னதில்லை.
கோர்ட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

இருபதைத் தாண்டினால் பத்து வருஷம்,
குறைக்க ஜட்ஜுக்கே அதிகாரம் கிடையாதாம்.
தாண்டாவிட்டால் இடம் உண்டு,
ஐந்தோ, ஆறோ.
முப்பத்தொன்றில் உள்ளே போன தனுசு
நாற்பத்தொன்றில் வருவானா, முப்பத்தாறிலா
என்பது ஒரு கோணிக்குள் இருக்கிறது.

தீர்ப்பில் தம்பியின் பெயர்
முதல் பக்கத்தோடு சரி.
பிறகெல்லாம் முதல் எதிரி.
முதல் எதிரி சிப்காட் பஸ் நிறுத்தத்தில் நின்றான்.
முதல் எதிரி ஓட முயன்றான்.
முதல் எதிரியின் இடது செருப்பு
சம்பவ இடத்தில் கிடந்தது.
ஒன்பதாம் நம்பர் செருப்பு.
திருப்பாதிரிப்புலியூரில்
தீபாவளிக்கு முந்தின ராத்திரி
நான் வாங்கித் தந்தது.

செவ்வாய்க்கிழமை கேப்பர் மலை.
வலைக்கு அந்தப் பக்கம் ஏழு பேர் கத்துகிறார்கள்,
இந்தப் பக்கம் ஏழு வீடு கத்துகிறது.
"சாக்க கழிக்கலயாம்டா!"
"என்னது?"
"சாக்கு! சாக்குடா!"
பக்கத்தில் நின்ற கைதி சிரித்தான்:
"இங்க எல்லார்கிட்டயும் அதாங்க்கா இருக்கு."
தனுசுவும் சிரித்தான்.
வக்காலத்தில் கையெழுத்துப் போட்டான்.
நான் செய்யலக்கா என்று
இந்தத் தடவையும் அவன் சொல்லவில்லை.
பஸ்ஸில் வரும்போது
அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஐகோர்ட்டுச் செலவுக்குத் தோட்டை வைத்தேன்.
அடகுக்கடைக்காரர் கல்லின் எடையைக் கழித்தார்,
அரக்கின் எடையைக் கழித்தார்,
மிச்சத்துக்குத்தான் பணம் எண்ணினார்.
எனக்குக் கோபம் வரவில்லை.
இப்படித்தானே நிறுக்கணும்
என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிங்காரத்தோப்பில் எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீடு
செந்தாமரை வீடு.
அவள் மகன் லெனினுக்குப் பத்தொன்பது வயது.
படகு இன்ஜினைச் சத்தத்தை வைத்தே
என்ன கோளாறு என்று சொல்லுவான்.
பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நாலு மாதம் இருந்துவிட்டு
இப்போது குழாயடியில் குடத்தை வைத்து நிற்கிறான்.
குடம் நிறைந்து, வழிந்து,
காலை நனைத்து, சாக்கடைக்குப் போகிறது.
யாராவது வந்து குழாயை மூட வேண்டும்.
இரண்டு முறை நான் மூடியிருக்கிறேன்.

அங்கே வைத்துத்தான் செந்தாமரை கேட்டாள்:
"ஐகோர்ட்டுக்குப் போறியாமே.
என்ன சாக்கு சொல்லப் போற?"

அவளுக்கு வழக்கு விவரம் தெரியாது.
வாயில் வந்த வார்த்தை அது.
என் குடம் பாதிதான் நிறைந்திருந்தது,
தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் விடியும் முன்
ஆள் வராத நேரம்
ஒரு வெறும் கோணியைத் தண்ணீரில் முக்கி
பிழிந்து, தராசில் போட்டேன்.
எழுநூற்று நாற்பது.
பச்சை எழுத்து கொஞ்சம் துடித்து நின்றது.
வக்கீலுக்குப் போன் செய்ய நினைத்து
மணி நாலரை என்று விட்டேன்.

ஆறு மணிக்குச் செந்தாமரை வீட்டுப் படகு வந்தது.
சங்கரா, கொஞ்சம் காரப்பொடி.
கூடை தராசில் ஏறியது.
வழக்கம்போலக் கழித்து
"பன்னெண்டு நானூறு" என்று கூவினேன்.
எழுதுகிற பையன் எழுதிவிட்டான்.
ஏலக்காரர் அடுத்த கூடையைக் கைகாட்டினார்.

செந்தாமரை கூடையை எடுக்கவில்லை.
என்னைப் பார்க்கவுமில்லை,
தராசைப் பார்த்துச் சொன்னாள்:
"மறுபடி நிறு."

நிறுத்தேன்.